ஜாவா, பைத்தான், கோ, ரஸ்ட்... பெரிய மென்பொருளுக்கு எந்த மொழி? நிறுவனங்கள் எப்படி முடிவு செய்கின்றன?

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் கடைவீதியில் ஒரு டீ குடிக்கிறீர்கள். கிளாஸை வைத்துவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் போடுகிறீர்கள். இரண்டு, மூன்று விநாடிக்குள் கடைக்காரரின் ஸ்பீக்கர் பாக்ஸ் பணம் வந்துவிட்டது என்று தமிழில் அறிவிக்கிறது. நமக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் உங்கள் போனில் உள்ள செயலி, அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வர், என்பிசிஐ, உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி என ஐந்து இடங்களில் மென்பொருள் ஓடி முடிந்திருக்கும். 2016-ல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது.

இந்த ஐந்து இடங்களிலும் ஒரே கம்ப்யூட்டர் மொழி இருக்காது. ஆண்ட்ராய்டு செயலி என்றால் பெரும்பாலும் கோட்லின் அல்லது ஜாவா. போன்பே நிறுவனத்தின் சர்வர் பக்கம் போனால் பெரும்பகுதி ஜாவா. உலகின் பல பெரிய வங்கிகளுக்குள் எட்டிப் பார்த்தால், 1959-ல் பிறந்த கோபால் மொழி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். (நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருந்தாலும் அது அமெரிக்காவில் பிறந்த மொழிதான்.)

அதே கடைவீதியில், ப்ளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீடுகளில் கலந்தாய்வு சமயத்தில் ஒரு கேள்வி ஓடும்: "எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?" பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டி ஒரு மொழியை அரைகுறையாகக் கற்று, "இப்போ டிமாண்ட் அதுக்குத்தான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அடுத்த கோர்ஸுக்குத் தாவுகிறவர்கள் ஏராளம். பெரிய நிறுவனங்கள் மொழியை எப்படித் தேர்வு செய்கின்றன என்று தெரிந்தால், இந்தத் தாவல் எவ்வளவு வீண் என்பதும் புரியும்.

சின்ன புரோகிராமுக்கும் பெரிய சிஸ்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

100 வரி புரோகிராமை எழுதியவர் மனதிலேயே அது முழுசாக இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் சமாளித்துவிடலாம். 20 லட்சம் வரி என்றால் கதையே வேறு. அது யாருடைய தலைக்குள்ளும் முழுதாக இருக்காது. எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். போன மாதம் சேர்ந்த புதியவர், எட்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதியதைத் திறந்து ஒரு வரியை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தால் வேறு எங்கே என்ன உடையும் என்பது அவருக்குத் தெரியாது. மொழி அவருக்கு எவ்வளவு உதவுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு சின்ன உதாரணம். சீட்டுக் கணக்கு எழுதும் புரோகிராமில் 100-ஐயும் 50-ஐயும் கூட்ட வேண்டும். இரண்டும் எண்களாக வந்தால் 150. ஆனால் ஏதோ ஒரு படிவத்திலிருந்து அவை எழுத்துகளாக வந்துவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 10050 என்று கொடுக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. ஜாவா, கோ, ரஸ்ட் மாதிரி மொழிகளில் ஒவ்வொரு மதிப்பும் எந்த வகை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இது எண், இது எழுத்து, இது தேதி என்று. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே கம்பைலர் நிறுத்திவிடும். எழுதும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தவறு எழுதுபவரின் மேஜையிலேயே பிடிபடுமா, ரேஷன் கடை வரிசையில் நிற்பவரிடம் போய் வெடிக்குமா என்பதுதான் இதில் உள்ள வித்தியாசம்.

பெரிய நிறுவனங்கள் இதை உணர்ந்தது எப்படி?

பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஃபேஸ்புக் பிஹெச்பி என்ற எளிய மொழியில் தொடங்கியது. அப்போது அது சரியான முடிவு. மளமளவென்று புது வசதிகளைச் சேர்க்க முடிந்தது. லட்சக்கணக்கான வரிகள் சேர்ந்த பிறகு, எதைத் தொட்டாலும் பயம். மொத்தத்தையும் வேறு மொழியில் மாற்றி எழுதுவது நடக்காத காரியம். அதனால் பிஹெச்பியிலிருந்தே கிளைத்து, வகைகளைச் சரிபார்க்கும் ஹேக் என்ற மொழியை 2014-ல் வெளியிட்டார்கள். அதாவது, வீட்டைக் காலி செய்யாமலேயே தூணை மாற்றினார்கள்.

டிராப்பாக்ஸ் கதையும் இதுதான். அவர்களிடம் இருந்தது பைத்தான். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அவர்களிடமே வேலை பார்த்தார். அப்படி இருந்தும், பைத்தானுக்கு வகைச் சரிபார்ப்பைச் சேர்க்கும் மைபை என்ற கருவியைப் பல வருடம் வளர்த்து, 2019-ல் 40 லட்சம் வரிகளுக்கு மேல் அதைப் பயன்படுத்துவதாக அறிவித்தார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு இதே வேலையைச் செய்வது, மைக்ரோசாஃப்ட் 2012-ல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட்.

ட்விட்டருக்கு வந்தது வேகப் பிரச்னை. ரூபி மொழியில் எழுதப்பட்ட அந்தத் தளம், கூட்டம் கூடினால் படுத்துவிடும். பறவைகள் ஒரு திமிங்கலத்தைத் தூக்கிக்கொண்டு போகும் படம் திரையில் வருமே, பழைய பயனாளர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறகு முக்கியப் பகுதிகளை ஜாவா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்காலா மொழிக்கு மாற்றினார்கள். 2013 ஆகஸ்டில் ஜப்பான் தொலைக்காட்சியில் ஒரு அனிமேஷன் படம் ஓடியபோது, ஒரே விநாடியில் 1,43,199 ட்வீட்கள் வந்தன. தளம் விழவில்லை. இதற்கு மொழி மட்டும் காரணமல்ல. ஒரே பெரிய புரோகிராமாக இருந்ததைச் சிறு சிறு சேவைகளாகப் பிரித்ததும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் "ரூபி மோசம்" என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

ஆதாரும் ஜாவாவும்

நம் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் அமைப்புகளில் ஒன்று ஆதார். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டம் தெம்பிலி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஆதார் வழங்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒருவர் பதிவு செய்தால், அவருடைய கைரேகையையும் கருவிழியையும் ஏற்கெனவே உள்ள அத்தனை பேருடைய பதிவுகளோடும் ஒப்பிட வேண்டும். ஒருவருக்கு இரண்டு எண் போய்விடக் கூடாது அல்லவா?

இதன் மைய மென்பொருளுக்கு ஆதார் ஆணையம் எடுத்துக்கொண்ட வழி ஜாவா. அதோடு மைஎஸ்கியூஎல், ஹடூப், ஹெச்பேஸ், ராபிட்எம்க்யூ போன்ற திறந்த மூல மென்பொருள்கள். காரணம் வேகம் மட்டும் இல்லை. ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளையோ விலை உயர்ந்த தனிவகை கம்ப்யூட்டரையோ நம்பி இருந்தால், பிறகு அவர்கள் சொன்ன விலைதான். சாதாரண சர்வர்களை வரிசையாக அடுக்கி, யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் நடத்த வேண்டும் என்பது அவர்கள் வகுத்த கொள்கை. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் ஜாவா தெரிந்த பொறியாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1995-ல் வெளியான மொழி, அன்று எழுதியது பெரும்பாலும் இன்றும் ஓடும். பத்து வருடம் கழித்தும் ஆள் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கல் உடைத்தும் களை எடுத்தும் ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்காவிட்டால், அதை ஜாவாவும் சரி செய்யாது, ரஸ்ட்டும் சரி செய்யாது. அப்படிப்பட்டவருக்கு மாற்று வழி என்ன என்று வடிவமைப்பவர்தான் யோசித்திருக்க வேண்டும். அதேபோல "சர்வர் டவுன்" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவருக்குப் போவது அரை நாள் கூலி.

ஜாவாவிலும் ஓட்டை உண்டு. மதிப்பே இல்லாத இடத்தை "நல்" என்று குறிப்பார்கள். அது இருக்கும் இடம் தெரியாமல் தொட்டால் புரோகிராம் நின்றுவிடும். 1965-ல் இந்த யோசனையைக் கொண்டுவந்த டோனி ஹோரே, 2009-ல் ஓர் உரையில் இதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். கோட்லின், ரஸ்ட் போன்ற பின்னால் வந்த மொழிகள் இதைக் கம்பைலரிலேயே அடைக்கப் பார்க்கின்றன.

ஒசூரைத் தாண்டினால் வேறு மொழிகள்

தருமபுரியிலிருந்து பெங்களூரு மூன்று மணி நேரப் பயணம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போய்ச் சேரும் ஊரும் அதுதான். அங்கே ஜாவா மட்டும்தான் என்று நினைத்தால் தவறு.

பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா கோ மொழியைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறது. காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்கும் மென்பொருளை, கைலாஷ் நாத் தலைமையிலான சுமார் 30 பேர் கொண்ட குழுவே நீண்ட காலம் நடத்திவந்தது. கோ மொழி கூகுளில் பிறந்தது, 2009-ல் வெளியானது. அதில் இருக்கும் அடிப்படைச் சொற்களே 25-தான். வேண்டுமென்றே வசதிகளைக் குறைத்து வைத்த மொழி அது. யார் எழுதினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பிழையைச் சரிபார்க்கும் அதே மூன்று வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்ற புகார் உண்டு. புகார் உண்மைதான். ஆனாலும் அடுத்தவர் எழுதியதைச் சீக்கிரம் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. டாக்கர், குபர்நெட்டிஸ் இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை.

பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர்கள் பயன்படுத்தும் நம்ம யாத்ரி செயலியின் சர்வர் பக்கம் இன்னும் ஆச்சரியம். அது ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. கணிதப் பேராசிரியர்களின் மொழி என்று பலர் ஒதுக்கிவைக்கும் மொழி அது! அதை உருவாக்கிய ஜஸ்பே நிறுவனம் பணப் பரிவர்த்தனை மென்பொருளிலும் ஹாஸ்கெல் பயன்படுத்துகிறது. அவர்களுடைய ஹைப்பர்ஸ்விட்ச் ரஸ்ட் மொழியில் இருக்கிறது. நம்ம யாத்ரியின் நிரல் திறந்த மூலமாக இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இந்த வழியில் போனால் கம்பைலர் பிடிக்கும் தவறுகள் அதிகம். ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம். ஹாஸ்கெல் தெரிந்தவரைத் தேடுவதைவிட, யோசிக்கத் தெரிந்தவரை எடுத்து நாமே கற்றுக்கொடுக்கலாம் என்று துணிகிற நிறுவனங்களுக்குத்தான் இது சரிப்படும்.

வாட்ஸ்அப் எடுத்த முடிவும் இப்படித்தான். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1986-ல் தொடங்கிய எர்லாங் மொழியை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. டெலிபோனில் ஒரு அழைப்பு துண்டிக்கப்பட்டால் ஊர் முழுக்க லைன் போய்விடக் கூடாது. அதனால் எர்லாங்கில் எல்லாமே குட்டிக் குட்டி வேலைகளாகத் தனித்தனியே ஓடும். ஒன்று செத்தால் அதை மட்டும் கண்காணிப்பாளர் மீண்டும் எழுப்பிவிடுவார், மற்றவை பாட்டுக்கு ஓடும். 2012-லேயே ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸ்அப் சொன்னது. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது பயனாளர்கள் 45 கோடி. பொறியாளர்கள் வெறும் 32 பேர்.

நினைவகம் தவறினால்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? சென்னை உட்பட பல விமான நிலையங்களில் கவுன்டர் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஓர் அப்டேட்தான் காரணம். உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. உள்ளே நடந்தது இவ்வளவுதான்: 20 தகவல்கள் மட்டுமே வந்திருந்த பட்டியலில், 21-வதைப் படிக்கப் போனது மென்பொருள். தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டதும் மொத்த கம்ப்யூட்டரும் நின்றது.

சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் நினைவகத்தை எழுதுபவரே கவனித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவை வேகமானவை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. தன்னுடைய மென்பொருள்களில் பதிவாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகள்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது.

இதற்கு விடையாக வந்த மொழி ரஸ்ட். மொஸில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோரே 2006-ல் அதைத் தொடங்கினார். மென்பொருள் கோளாறால் லிஃப்ட் நின்றுபோய், 21-வது மாடியில் உள்ள வீட்டுக்குப் படியேறிப் போன எரிச்சலில் பிறந்த யோசனை அது. எந்த நினைவகத்துக்கு யார் சொந்தக்காரர் என்பதைக் கம்பைலரே கணக்கு வைத்துக்கொள்ளும். கற்பது கடினம், கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் பழைய நிரலை அழித்து எழுதவில்லை. புதிதாக எழுதுவதைப் பெரும்பாலும் ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியது. பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகத் தவறுகளின் பங்கு 2019-ல் 76 சதவீதம். 2024-ல் 24 சதவீதம்.

அப்போ மொழியை மாற்றினால் போதுமா?

போதாது. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அதன் மென்பொருள் எழுதப்பட்ட ஆடா மொழி, பாதுகாப்புக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் மெதுவாக ஏறும் ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதியதை அப்படியே புதிய ராக்கெட்டில் வைத்தார்கள். வேகம் அதிகமானதால் ஓர் எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய சரிபார்ப்பையும் விட்டுவிட்டிருந்தார்கள்.

ஆய்வுகளும் எச்சரிக்கிறது. கிட்ஹப் தளத்தில் உள்ள 729 திட்டங்களை எடுத்து, எந்த மொழியில் பிழை அதிகம் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. பலரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2019-ல் வேறொரு குழு அதே தரவுகளை மறுபடி சோதித்தபோது, முடிவுகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை ஆராய்ந்த 2017 ஆய்வு ஒன்றோ, வகைச் சரிபார்ப்பு இருந்திருந்தால் அவற்றில் சுமார் 15 சதவீதம் முன்பே பிடிபட்டிருக்கும் என்று சொன்னது. 15 என்பது சின்ன எண் இல்லை. ஆனால் மீதி 85 மனிதர்கள் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

எடுத்த மொழியோடு எத்தனை வருடம் வாழப் போகிறோம் என்பதும் கணக்கில் வரும். பைத்தான் 3 வெளியானது 2008-ல். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-ல். நடுவில் 11 வருடத்துக்கும் மேல் நிறுவனங்கள் பழையதிலிருந்து புதியதுக்கு மாறப் பாடுபட்டன. கோபாலுக்கு வந்த கதியும் தெரிந்ததே: 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண ஆளுநரே கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்க நேர்ந்தது. மென்பொருள் ஓடியது. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

"ஏஐ-தான் இப்போ எல்லாத்தையும் எழுதிடுதே?" என்று கேட்கலாம். எழுதுகிறது, வேகமாகவே எழுதுகிறது. அதனாலேயே படித்துச் சரிபார்க்க வேண்டியது அதிகமாகிறது. தவறை முன்கூட்டியே பிடிக்கும் கம்பைலருக்கும், அந்த நிரலைப் படித்து "இது தப்பு" என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கும் மதிப்பு கூடத்தான் செய்யும்.

சரி, நம்ம பிள்ளை எதைப் படிக்கட்டும்?

பைத்தானில் தொடங்குவதில் தவறே இல்லை. சொல்ல வந்ததை உடனே எழுதிப் பார்க்கலாம், டேட்டா சயின்ஸ், ஏஐ பக்கம் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதோடு நிறுத்தினால் பெரிய சிஸ்டம் எப்படி நிற்கிறது என்பது பிடிபடாது. இரண்டாவதாக ஜாவா அல்லது கோ, ஏதாவது ஒன்றை ஒரு வருடம் விடாமல் படிப்பது நல்லது. நினைவகம் என்றால் என்ன என்று புரிய, கல்லூரிப் பாடத்தில் வரும் சி மொழியை "பழசு" என்று தள்ளாமல் கற்க வேண்டும். தமிழ்நாட்டின் சோஹோ போன்ற நிறுவனங்களின் தேர்வுகளில் சி மொழிக் கேள்விகள் பல வருடங்களாக வருவதும் இதற்காகத்தான். ரஸ்ட் மூன்றாவதாக வரட்டும்; முதல் மொழியாக எடுத்தால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள்.

"90 நாளில் ஆறு மொழி" என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேறொருவர் எழுதிய 5,000 வரியைக் கொடுத்து, அதில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லித் தருவீர்களா? வேலையில் சேர்ந்த முதல் நாள் கையில் கொடுப்பது அதைத்தான்.

பணம் கட்ட வசதி இல்லை என்றாலும் வழி இருக்கிறது. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் தளத்தில் பைத்தான், ஜாவா, சி பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வு எழுதத்தான் கட்டணம். ஆங்கிலத்தில் கேட்கக் கஷ்டமாக இருந்தால், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் அளவுதான். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம்.